குழாய்க்குள் ஒரு சிட்டிகை உப்பு

காமர்ஸ் படிக்கிறவனுக்குத் துப்பாக்கிக் குழாயில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள மொத்த உறவு, என்.சி.சி. கேம்ப்பில் .22 ரைஃபிளில் சில தோட்டாக்கள் சுட்டதும், அதைவிட ரொம்ப நேரம் அந்தக் குழாய்க்குள் கயிறு கட்டிய துணியை இழுத்து இழுத்துத் துடைத்ததும்தான். இழுத்து முடித்ததும் வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். உள்ளே பளபளவென்று இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் மறுபடி துணி.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன். 25 மீட்டர் பிஸ்டல் சுடுகிறவன். அவன் பயிற்சி எடுக்கும் இடத்தில் பொதுவாக வைத்திருக்கும் ஒரு .22 பிஸ்டல் கொஞ்ச நாளாகத் தகராறு செய்தது. தோட்டா முழுசாக உள்ளே போய் உட்காரவில்லை. உட்கார்ந்ததும் குண்டுகள் அட்டையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறின. கோச் குழாயை வாங்கிப் பார்த்தார், எல்லார் முன்னாடியும் திட்டினார். "ஒழுங்கா துடைக்கிறதே இல்ல, அப்புறம் எப்படி?" அன்று ராத்திரி ரூமுக்கு வந்தவன் சாப்பிடக்கூட இல்லை. "வாராவாரம் துடைச்சேன்டா, எண்ணெயும் போட்டேன்டா" என்று அதையே நாலு தடவை சொன்னான்.

துடைத்தவன் குழாய் ஏன் கெட்டது? சும்மா ஒரு பக்கம் படித்துவிட்டு விடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அது நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போய்விட்டது. "துடைச்சேன், ஆனாலும் கெட்டுப் போச்சு" என்று சொல்லித் திட்டு வாங்கியவன் இவன் முதல் ஆள் இல்லை. ஒரு தலைமுறையே வாங்கியிருக்கிறது.

முதலில் தோட்டாவைப் பற்றிக் கொஞ்சம். பெரிய துப்பாக்கிகளின் தோட்டாவில், அடிப்பாகத்தின் நடுவில் சின்னக் குப்பி மாதிரி ஒன்று தனியாகப் பதித்திருக்கும். அதுதான் ப்ரைமர், அடிபட்டால் பொறி தரும் மருந்து. .22இல் அப்படித் தனியாக எதுவும் கிடையாது. பித்தளைக் கூட்டின் அடியில், மூடி விளிம்பு மாதிரி வெளியே மடிந்திருக்கும் வளையத்துக்குள்ளேயே அந்த மருந்து இருக்கும். சுத்தியல் அந்த விளிம்பில் எங்கே நசுக்கினாலும் பற்றிக்கொள்ளும். அதனால்தான் ரிம்ஃபயர் என்று பெயர். பாரிஸில் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்பவர் 1845 வாக்கில் இதன் ஆரம்ப வடிவத்தைச் செய்தார். அதில் வெடிமருந்தே கிடையாது. ப்ரைமர் தரும் வேகம் மட்டும்தான், வீட்டுக் கூடத்துக்குள் குறி வைத்து விளையாடும் பொம்மை பிஸ்டலுக்கு அது போதுமானதாக இருந்தது.

அதை வியாபாரமாக்கியவர்கள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்மித் & வெஸ்ஸன். 1857இல் அவர்களுடைய முதல் ரிவால்வர் வந்தது. ஏழு தோட்டா, .22 ஷார்ட். ஒரு தோட்டாவுக்குள் கருமருந்து வெறும் 4 கிரெய்ன், அதாவது கால் கிராம் சொச்சம்.

(இங்கே காமர்ஸ்காரன் ஒரு நிமிஷம் குறுக்கிடுகிறான். தோட்டாவைப் பின்பக்கமாகப் போடும் வகையில் உருளையை நெடுக்கத் துளைக்கும் யோசனையின் பேடன்ட், ராலின் ஒயிட் என்பவரிடம் இருந்தது. ஒரு ரிவால்வருக்கு 25 சென்ட் ராயல்டி பேசி அதை வாங்கினார்கள். ஆனால் யாராவது காப்பி அடித்தால் வழக்கு நடத்தும் செலவு ஒயிட்டினுடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. மனிதர் கோர்ட்டிலேயே பாதி சம்பாத்தியத்தைத் தொலைத்தார். ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள் மக்களே.)

இனி அழுக்குக்கு வருவோம். கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. நம் ஊர்ப் பட்டாசு மாதிரிதான். அது எரிந்தால் முழுசாகப் புகையாகப் போய்விடாது. எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையோடு வெளியே போகும், மிச்சம் குழாய்ச் சுவரில் ஒட்டும். ஊமத்தங்காய் நிறத்தில் இல்லை, கறுப்பாக, காய்ந்தால் அடுப்புக்கரி மாதிரி இறுகும், ஈரம் பட்டால் சேறு. அழுகின முட்டை நாற்றம் வேறு. .22 குழாயின் உள்விட்டம் 5.6 மி.மீ., நாம் எழுதும் பென்சிலைவிட ஒல்லி. அதற்குள் குண்டைச் சுழலவைப்பதற்கான சுருள் பள்ளங்கள் இருக்கின்றன. அந்தப் பள்ளத்தில் கரி அப்பிக்கொண்டால் குண்டு எதைப் பிடித்துச் சுழலும்? அதனால் அந்தக் காலத்தில் குறி பார்த்துச் சுடுகிறவர்கள் சுட்டுக்கொண்டே இடையிடையே துடைத்தார்கள். சிலர் ஒரு குழலை வைத்துப் பின்பக்கமாக வாயால் ஊதினார்கள். மூச்சுக் காற்றின் ஈரத்தில் கரி இளகும், அடுத்த குண்டு அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

குழாய் அழுக்கு என்றால் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அதே 1857இல் நம் நாட்டில் என்ஃபீல்ட் துப்பாக்கித் தோட்டாவில் தடவிய கொழுப்பு பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தக் கொழுப்பு எதற்கு என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. வாய்ப்பக்கமாகத் தோட்டாவை இடித்து இறக்கும் துப்பாக்கி அது. நாலைந்து முறை சுட்டதும் சுருள் பள்ளத்தில் கரி இறுகி அடுத்த குண்டு இறங்காது. கரி இளகவும் குண்டு வழுக்கிக்கொண்டு போகவும்தான் கொழுப்பு. மாட்டுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்று அந்த வருஷம் ஜனவரியில் டம்டம்மில் கிளம்பிய பேச்சு எங்கே போய் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கிளர்ச்சிக்கு வேறு பெரிய காரணங்கள் ஆயிரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பற்றிக்கொண்ட இடம் இந்தக் குழாய் அழுக்குக்குக் கண்டுபிடித்த மருந்து.

இவ்வளவு அசிங்கமான அழுக்குக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. தண்ணீரில் கரைந்துவிடும். எண்ணெயில் அசையாத கரி, வெந்நீரும் சோப்பும் ஊற்றினால் ஓடிவிடும். எனவே எல்லோரும் சாயந்திரம் ஆனால் குழாயில் வெந்நீர் ஊற்றினார்கள், காயவைத்தார்கள், அப்புறம் எண்ணெய் தடவினார்கள். தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொடுத்த முறை. கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு, கையில் இருக்கிற மருந்து.

1884இல் பிரான்ஸில் பால் வியேய் புகையில்லா வெடிமருந்தைச் செய்தார். 1887இல் ஸ்டீவன்ஸ் கம்பெனியிடமிருந்து .22 லாங் ரைஃபிள் தோட்டா வந்தது. இன்றுவரை உலகமெல்லாம் சுடுகிற .22 இதுதான், பெயரில் ரைஃபிள் இருந்தாலும் பிஸ்டலுக்கும் இதுவே. முதலில் இதிலும் கருமருந்துதான், அடுத்த சில வருஷங்களில் புகையில்லா மருந்து நிரப்பியதும் கடைக்கு வந்தது. நாற்றம் இல்லை, புகை இல்லை, கரி இல்லை. சுட்டுவிட்டுப் பார்த்தால் குழாய் கண்ணாடி மாதிரி இருக்கும். இதற்கு எதற்கு வெந்நீர்? எண்ணெய்த் துணியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மாட்டி வைத்தார்கள்.

குழாய்கள் அழுக ஆரம்பித்தன.

மிகைப்படுத்தவில்லை. ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால் சிவப்பாகத் துரு. துடைத்து எண்ணெய் போட்டால் மறுபடி துரு. சில வாரத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக உள்சுவர் அரித்துவிடும். பெரிய ராணுவ ரைஃபிளிலும் இது நடந்தது என்றாலும் .22இல் மோசமோ மோசம். அந்தக் காலத்துப் பழைய .22 பிஸ்டல், ரைஃபிள் சேகரிப்பவர்கள் இன்றைக்கும் முதலில் குழாய்க்குள்தான் எட்டிப் பார்ப்பார்கள். வெளியே நீல மெருகு கலையாமல் இருக்கும், உள்ளே சாக்கடைக் குழாய். அரித்த குழாயைக் குடைந்து பெரிதாக்கி உள்ளே புது எஃகுக் குழாய் சொருகுவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. நம் ஊர் மெக்கானிக் ரீபோர் பண்ணி ஸ்லீவ் போடுவாரே, அதே வேலைதான்.

காரணம் என்ன? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். புது மருந்தில் அமிலம் மிஞ்சுகிறது என்றார்கள். சூட்டில் எஃகின் துளைகளுக்குள் வாயு புகுந்துகொண்டு பிறகு மெல்ல "வியர்க்கிறது", அதனால் மூன்று நாள் தொடர்ந்து துடைக்க வேண்டும் என்றார்கள். அமிலத்தை முறிக்கவும் படிவைக் கரைக்கவும் விதவிதமான பாட்டில்கள் விற்பனைக்கு வந்தன. 1903இல் ஃப்ராங்க் ஹாப்பி என்பவர் கொண்டுவந்த ஹாப்பீஸ் நம்பர் 9 இன்றும் கடைகளில் இருக்கிறது. அதன் வாசனை வாழைப்பழம் மாதிரி என்று சொல்வார்கள். இத்தனைக்கும் நடுவில் ரொம்பச் சுலபமான பதில் ஒன்று எப்போதும் தயாராக இருந்தது: நீ ஒழுங்காகத் துடைக்கவில்லை. அப்பா பையனைத் திட்டினார். சார்ஜென்ட் சிப்பாயைத் திட்டினார். துரு கண்ணுக்குத் தெரிகிறது, துடைத்தவன் எதிரில் நிற்கிறான், வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 1911இல் டியூபான்ட் கம்பெனி லெஸ்மோக் என்று ஒரு மருந்தை .22க்காக விற்றது. பெரும்பகுதி கருமருந்து, கூட கொஞ்சம் புது மருந்து. அதாவது அழுக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்! போட்டிகளில் சுடுகிறவர்கள் அதையே விரும்பி வாங்கினார்கள். நன்றாகக் குறி தவறாமல் போனது ஒரு காரணம். இன்னொன்று, புகையில்லாத் தோட்டாவைவிட இதில் குழாய் பிழைத்தது. அழுக்கான தோட்டா குழாயைக் காப்பாற்றுகிறது, சுத்தமான தோட்டா கொல்லுகிறது. ஏன் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

1922இல் சொன்னார்கள். சொன்னது ராணுவம் இல்லை, துப்பாக்கிக் கம்பெனியும் இல்லை, அமெரிக்கச் சுரங்கத் துறை. அங்கே வெடிமருந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வில்பர்ட் ஹஃப் என்ற வேதியியலாளர், எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் இரும்பு துருப்பிடிப்பது பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டார். குற்றவாளி வெடிமருந்தே இல்லை. ப்ரைமர். அதில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது பற்றி எரிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. ஒருவகை உப்பு, சாப்பாட்டு உப்புக்குப் பங்காளி.

ஐப்பசி மழையில் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? கசகசவென்று ஈரம் கோத்திருக்கும். அதேதான். குழாய்ச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத பொடியாக உப்பு ஒட்டியிருக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் அதை இழுத்து உப்புத் தண்ணீராகிறது. எண்ணெய் உப்பைக் கரைக்காது, மேலே போர்வை மாதிரி மூடும், அவ்வளவுதான். போர்வைக்குள் உப்பு தன் வேலையைச் செய்யும். வெயில் காலத்தில் சும்மா இருந்துவிட்டு மழை வந்ததும் துரு கிளம்பியதால்தான் "வியர்க்கிறது" என்று நினைத்தார்கள்.

இப்போது பழைய புதிர்கள் எல்லாம் அவிழ்கின்றன. கருமருந்துக் காலத்திலும் ப்ரைமர் இருந்தது, உப்பும் இருந்தது. ஆனால் ஏராளமான கரியோடு கலந்து நீர்த்துப் போயிருந்தது, சாயந்திரம் கரிக்காக ஊற்றிய வெந்நீர் தெரியாமலே உப்பையும் கழுவிவிட்டது. கரி போனதும் வெந்நீரை விட்டார்கள், உப்பு மட்டும் தங்கியது. .22இல் ஏன் ரொம்ப மோசம்? விளிம்பு முழுக்க ப்ரைமர், குழாயோ ஒல்லி, மருந்தோ கொஞ்சம். போதாததற்கு உரசிப் பற்றிக்கொள்வதற்காக அந்த ப்ரைமரில் கண்ணாடித் தூள் வேறு கலந்திருந்தார்கள். துணியால் துடைக்கத் துடைக்க அதுவும் சேர்ந்து தேய்த்தது.

ஆக மூன்று நாள் துடைத்த பையன் பொய் சொல்லவில்லை. தவறான பாட்டிலைக் கொடுத்து அவனைத் துடைக்கச் சொன்னார்கள்.

எங்கள் காஸ்ட் அக்கவுன்டிங் வகுப்பில் ஒரு பொருளின் அடக்க விலையில் என்னென்ன சேரும் என்று பட்டியல் போடுவோம். மூலப்பொருள், கூலி, மேல்செலவு. தோட்டாக் கம்பெனியின் கணக்கில் அரித்துப்போன குழாய் எந்தக் காலத்திலும் வராது. அது வாங்கியவனின் நஷ்டம், தோட்டா மட்டும் மலிவு. அப்படி இருக்கும்போது ப்ரைமரை மாற்ற யாருக்கு அவசரம்? ஜெர்மனியில் ஆர்.டபிள்யூ.எஸ். கம்பெனி முதல் உலகப்போருக்கு முன்பே துருப்பிடிக்காத ப்ரைமர் செய்திருந்தது. அமெரிக்காவில் 1920களின் பிற்பாதியில்தான் ரெமிங்டன் அதை ஊரறிய விற்றது. பெயர் க்ளீன்போர், "சுத்தமான குழாய்". அது விற்றுத் தள்ளியதும் பாருங்கள், வின்செஸ்டருக்கு ஸ்டெயின்லெஸ், பீட்டர்ஸுக்கு ரஸ்ட்லெஸ் என்று வரிசையாக ஞானோதயம். எழுத்துக்கூட்டலை மட்டும் ஆளுக்கொரு விதமாக மாற்றிக்கொண்டார்கள். என் கணிப்பு, ஹஃப்பின் அறிக்கையைவிடப் போட்டிக் கம்பெனியின் விற்பனைதான் இவர்களைச் சீக்கிரம் திருத்தியது. அமெரிக்க ராணுவமோ, புது ப்ரைமர் கிடங்கில் பல வருஷம் கெடாமல் இருக்குமா என்ற தயக்கத்தில், தன் முக்கியமான ரைஃபிள் தோட்டாக்களில் இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகும் பழைய உப்பு ப்ரைமரையே வைத்திருந்தது. பதிலுக்குச் சிப்பாயிடம் தண்ணீர் கலந்த துப்புரவுத் திரவத்தைக் கொடுத்தது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிநீரையே ஊற்றினார்கள். லெஸ்மோக் 1947 வாக்கில் நின்றது.

சரி, என் நண்பனின் பிஸ்டலுக்கு வருகிறேன். இதையெல்லாம் படித்து முடித்து "உப்புடா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். இல்லையாம். இன்றைய .22 தோட்டாவில் அந்த உப்பே கிடையாது. (ஒரு வாரப் படிப்பு போச்சு.) இவனுடைய அழுக்கு மூன்றாவது வகை. .22 குண்டு வெறும் ஈயம், வெளியே மெழுகோ கொழுப்போ பூசியிருப்பார்கள், தொட்டால் விரலில் வழுவழுவென்று ஒட்டும். சுடச்சுட மெழுகு, கரி, ஈயத் துகள் மூன்றும் தோட்டா உட்காரும் அறை முடிந்து சுருள் பள்ளம் தொடங்கும் இடத்தில் ஒரு வளையமாகப் படிகின்றன. சூட்டில் வெந்து இறுகினால் நகத்தால் சுரண்டினாலும் வராது. அந்த வளையம்தான் தோட்டாவை முழுசாக உட்காரவிடவில்லை. துணி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். எண்ணெய் ஈயத்தைக் கரைக்காது. குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் வழியெல்லாம் பளபளக்கும், வாசலில் இருக்கும் வளையம் மட்டும் கண்ணுக்குப் படாது. .22 ரிவால்வரில் குட்டையான ஷார்ட் தோட்டாவை நிறையச் சுட்டுவிட்டு லாங் ரைஃபிள் போட்டாலும் இதே கதை. குட்டைத் தோட்டா நிற்கும் இடத்துக்கு முன்னால் வளையம் கட்டிவிடும். லண்டனில் 2012இல் விஜய் குமார் வெள்ளி வாங்கிய 25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டியிலும் ஒரு காலத்தில் ஷார்ட் தோட்டாதான். 2005 முதல் அங்கேயும் லாங் ரைஃபிள் ஆகிவிட்டது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஆபத்து இருக்கிறது. மெழுகும் ஈயமும் மென்மையானவை, .22 குழாய் சுட்டுத் தேய்வது ரொம்ப மெதுவாகத்தான். அவசரப்பட்டு எஃகுக் கம்பியை வாய்ப்பக்கமாக விட்டு ஆட்டினால் குழாயின் நுனி தேய்ந்து குறி நிரந்தரமாகக் கெடும். பயந்து பயந்து துடைத்தே கெட்ட .22 குழாய்கள் நிறைய. முழுசாகத் துடைத்த குழாயில் முதல் சில குண்டுகள் விலகித்தான் போகும். சுவரில் மெழுகு ஒரு பூச்சாகப் படிந்த பிறகுதான் ஒழுங்குக்கு வரும். அதனால் சுடுகிறவர்களில் பலர் குழாயைத் தொடவே மாட்டார்கள், அறையையும் அந்த வாசலையும் மட்டும் துடைப்பார்கள்.

போன சனிக்கிழமை சாயந்திரம் கோச் அனுமதியோடு, அவர் மேற்பார்வையில், பயிற்சி இடத்திலேயே வேலை நடந்தது. நான் பேப்பர் விரித்துக் கொடுத்தவன். தோட்டா இல்லை என்று மூன்று தடவை பார்த்துவிட்டுக் கழற்றினார்கள். வாசலில் கரைப்பான் விட்டு ஊறவைத்து, மறுநாள் காலை வெண்கலத் தூரிகையைப் பின்பக்கமாகச் செலுத்திச் சுழற்றினான். நாலாவது முறை வெள்ளைத் துணியில் சாம்பல் நிறத்தில் மீன் செதில் மாதிரி ஈயத் தகடுகள் வந்தன. அதைக் கையால் எடுத்துப் பார்த்த என்னை உடனே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி விரட்டினார்கள். ஈயம் உடம்புக்குள் போனால் வெளியே வர நாளாகும்.

தோட்டா "டக்" என்று உட்கார்ந்தது. முதல் அஞ்சாறு குண்டு அங்கே இங்கே போயிற்று, அப்புறம் அட்டையின் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குள் சேர ஆரம்பித்தது. அந்த சந்தோஷத்தில் நண்பன், கரி, உப்பு, ஹஃப், லெஸ்மோக் என்று நான் சொன்ன கதை முழுவதையும் கோச்சிடம் ஒப்பித்திருக்கிறான். எண்ணெய்த் துணியால் இந்த வளையம் ஒருநாளும் போயிருக்காது, அதனால் தப்பு அவனுடையது இல்லை என்பதையும் சேர்த்து.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, அந்தத் தூரிகையைக் கழுவி வெச்சியா?" என்றாராம்.